அரை கிளாஸ் மாப்பிள்ளை

குடித்து மானத்தை விட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் குறைந்தது ஒரு பாட்டிலாவது தேவைப்பட்டிருக்கும். இரண்டு விரற்கடைப் பிராந்தியில் அந்த வேலையை முடித்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதுவும் பெண் பார்க்கப் போன வீட்டில், பட்டப்பகலில், பூசை பார்த்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையில்!

எண்பதுகளில் நடந்தது. அப்போது நான் மணியாச்சி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். கோவில்பட்டியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். ஆள் தொண்ணூற்றாறு கிலோ. (பார்சல் தராசில் ஏறிப் பார்த்ததுதான். சுமை தூக்கும் அண்ணாச்சி, "இதுக்கு ரசீது போடவா சார்?" என்று கேட்டார்.) வயிற்றில் புண். ஏதாவது தின்றால் வலி அடங்கும், அதனால் தின்றுகொண்டே இருப்பேன். பன், பால், பிஸ்கட், மறுபடியும் பன். வலியும் வளர்ந்தது, நானும் வளர்ந்தேன். கடைசியில் ஒருநாள் பிளாட்பாரத்திலேயே சுருண்டு விழ, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய் வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். "கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடணும். வெறும் வயித்தோட இருக்கக் கூடாது." இது முதல் விஷயம். இரண்டாவதாகச் சொன்னது: "குடிக்கிற பழக்கம் உண்டா? இனிமே அது வயித்துல தங்காது. நேரா தலைக்குத்தான் போகும்." நான் பெரிய மனுஷன் மாதிரி சிரித்தேன். ரயில்வே நண்பர்களோடு உட்கார்ந்தால் அரை பாட்டில் முடித்துவிட்டு நேராக நடந்து வீட்டுக்குப் போகிறவன் நான். என்னிடம் போய் இதைச் சொல்கிறாரே!

எட்டு மாதத்தில் அறுபத்தொரு கிலோ ஆனேன். ஆளே மாறிப்போனேன், ஆனால் சட்டைகள் மாறவில்லை. என் பழைய சட்டைக்குள் என்னோடு இன்னொருவர் குடும்பத்தோடு தங்கலாம்.

அம்மா எனக்குப் பெண் தேட ஆரம்பித்தாள். மூன்று வீட்டில் பேச்சு நல்லபடியாகப் போய், "பையனுக்கு வயித்துல ஆபரேஷன்" என்று கேள்விப்பட்டதும் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர், "முக்கால் வயிறு இல்லாதவன் எத்தனை நாளைக்கு இருப்பான்?" என்று எங்கள் பங்குக் கோவில் வாசலிலேயே கேட்டார். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் தீர்மானமாகச் சொன்னாள்: "ஏலே, இனிமே ஆபரேஷன்னு வாயத் தொறந்தே, கொன்னுருவேன். கல்யாணம் ஆவட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்."

நாலாவதாக வந்ததுதான் புதியம்புத்தூர் இடம். பெண்ணின் அப்பா உள்பாவாடை தைக்கிற யூனிட் வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே நீளமான ஒரு கூடம், பத்துப் பன்னிரண்டு மிஷின்கள். பெண் பெயர் ஸ்டெல்லா.

அம்மா பழைய காலத்து ஆள். பூசையில் சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்குவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. ஆக, காலைப் பூசை முடியும்வரை பட்டினி. பூசை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். போகிற வழியில் அம்மா அடுத்த சட்டத்தைப் போட்டாள். "பேச்சு முடியாம அங்கன கை நனைக்கக் கூடாது, தெரியும்லா? காப்பியோட சரி." எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

காப்பியைக் கொண்டுவந்தது ஸ்டெல்லாதான். டம்ளரை நீட்டிக்கொண்டே என் சட்டையைப் பார்த்தாள். தோள் தையல் என் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்தவள் கண்ணில் இது படாமல் இருக்குமா? உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றியது. கூடவே, இவளிடம் மறைக்கிறோமே என்று நெஞ்சில் ஒரு உறுத்தல். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள். மூடிக்கொண்டேன்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. மணி ஒன்று. சமையலறையிலிருந்து கறிக்குழம்பு வாசனை. சட்டைப் பையில் பிஸ்கட் இருந்தும் எடுக்கப் பயம். எடுத்தால், ஏன் எதற்கு என்று கேள்வி வரும். பையிலிருந்த பிஸ்கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்டெல்லாவின் தாய்மாமன், மிக்கேல் மாமா, என் தோளில் கை போட்டார். நல்ல மீசை, அதைவிட நல்ல தொப்பை.

"வாங்க மாப்ள, நம்ம யூனிட்டப் பாத்துட்டு வருவோம்."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூடத்தில் யாரும் இல்லை. மாமா ஒரு பாவாடை மூட்டைக்குப் பின்னால் கையைவிட்டுப் பிராந்தி பாட்டிலை எடுத்தார். கோலி சோடா, இரண்டு கிளாஸ், ஒரு பொட்டலம் காராச்சேவு.

"சும்மா ஒரு ரெண்டு விரக்கடை. குடிப்பியள்லா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை! சொன்னால், "ஏன், உடம்புக்கு என்ன?" என்று கேட்பாரே. தவிர, பெண்ணின் தாய்மாமன் நீட்டுகிற கிளாஸைத் தட்டினால் மரியாதையா? அரை பாட்டில் அடித்த பழைய பெருமை வேறு உள்ளே இருந்து "வாங்குலே" என்றது. வாங்கினேன்.

"சேவு எடுத்துக்கிடுங்க மாப்ள. வெறும் வயித்துல குடிக்கக் கூடாது."

இங்கேதான் ஐயா நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். சேவு என்றால் தின்பண்டம். தின்றால் கை நனைத்ததாகிவிடும். பிராந்தி? அது கை நனைப்பதில் சேராது என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். "பேச்சு முடியட்டும் மாமா, பொறவு சாப்பிடுதேன்" என்று சேவுப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, பிராந்தியை ஒரே மடக்கில் குடித்தேன். (அடேயப்பா, என்ன ஒரு கட்டுப்பாடு!)

டாக்டர் சொன்னது ஐந்தாவது நிமிஷம் புரிந்தது. முதலில் காது சூடானது. பிறகு மூட்டைகள் மெதுவாக நகர ஆரம்பித்தன. பிறகு எனக்கு மிக்கேல் மாமா மேல் தாங்க முடியாத பாசம் வந்தது. அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தேன். வரிசையாக ஒவ்வொரு மிஷினிடமும் போய், "ஞாயித்துக்கிழமையாவது ரெஸ்ட் எடுங்கம்மா" என்று சொன்னேன். கடைசி மிஷினில் உட்கார்ந்து, "எனக்கும் தைக்கத் தெரியும்" என்று மிதிக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை பாதியில் விட்ட ஒரு சிவப்பு உள்பாவாடை ஊசிக்கடியில் இருந்தது. என் சட்டைதான் முழங்கால்வரை தொங்குகிறதே, அதன் நுனியும் ஊசிக்கடியில் போயிருக்கிறது. மிஷின் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துத் தள்ளியது.

"மாப்ள! ஏ மாப்ள! எந்திரிங்க!"

எழுந்தேன். பாவாடையும் எழுந்தது. அந்தக் கோலத்தில் முற்றத்துக்கு வந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஸ்டெல்லாவின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். பின்னாலேயே ஓடிவந்த மிக்கேல் மாமா கோர்ட் சாட்சி மாதிரி கையை உயர்த்தினார்.

"மச்சான், நான் ஊத்துனது ரெண்டே விரக்கடை! அதுக்கா இந்த ஆட்டம்? மாப்ள விடியக்காலமே ஏத்திக்கிட்டுல்லா வந்திருக்காரு!"

"அய்யோ, இல்ல! எம்புள்ள இங்கன வர்ற வரைக்கும் பச்சத் தண்ணிகூடக் குடிக்கலய்யா!" என்று அம்மா கதறினாள்.

"அம்மா, நீங்க கூட்டிட்டுக் கெளம்புங்க" என்றார் ஸ்டெல்லாவின் அப்பா. குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "மூத்தவள ஒரு குடிகாரனுக்குக் கட்டிக்கொடுத்துட்டு, இந்தா, கைப்புள்ளையோட வீட்டுல வச்சிருக்கேன். இன்னொரு தடவ முடியாது."

வாசல் நிலையருகே அந்த அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் ஸ்டெல்லா. அவள் முகத்தில் காலையில் பார்த்த சிரிப்பு இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போதையில் வந்த அழுகைதான், ஆனாலும் நிஜ அழுகை.

"நான் குடிகாரன் இல்ல! எனக்கு வயிறு இல்ல!" என்று கத்திக்கொண்டே சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புள்வரை நீண்ட தழும்பை ஊர் பார்க்கக் காட்டினேன். "முக்கால்வாசிய வெட்டிட்டாவ. மூணு வீட்டுல வேண்டாம்னுட்டாவ. அதான் மறைச்சோம். தப்புதான். ஸ்டெல்லா, காப்பி குடுக்கும்போதே சொல்லணும்னு நெனச்சேன். அம்மா கால மிதிச்சிட்டா!"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஸ்டெல்லா உள்ளே போய்க் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். (போதை பாதி அப்போதே இறங்கிவிட்டது.) குனிந்து, பாவாடையையும் சட்டையையும் சேர்த்த தையலைப் பொறுமையாகப் பிரித்தாள். நிமிர்ந்தவள் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வலிக்குதா இப்பவும்?"

"இல்ல. பசிக்குது."

"சாப்பிடாமலா குடிச்சீய?"

"கை நனைக்கக் கூடாதுல்லா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயன்று தோற்று, கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாப்ள குடிப்பாரான்னு பாத்துட்டு வாங்கன்னு மாமாவ அனுப்புனதே நான்தான்ப்பா. அக்காவப் பாத்த பொறவு எனக்கு அந்த ஒரு பயம்தான். இவிய அரை கிளாசுக்கு மேல குடிக்கணும்னு ஆசப்பட்டாலும் முடியாது. இப்படி ஒரு மாப்ள இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடைக்காது."

"உடம்பு, தாயி..." என்று அவர் இழுத்தார்.

"உடம்புல உள்ளத இப்பக் காட்டிட்டாவல்லா? அத்தானுக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

அக்கா பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அவ சொல்றது சரிதான்ப்பா" என்றாள். அன்று அவள் பேசியது அது ஒன்றுதான்.

அப்புறம் நடந்தது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. ஒரு கிண்ணத்தில் குழைய விட்ட சோறும் மோரும் வந்தது. நாலு வாய் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் பாவாடை மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது அம்மா கறிக்குழம்பு ஊற்றி இரண்டாம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நீதான் மொதல்ல கை நனைச்சிட்டியலே, பொறவு நான் என்ன செய்ய?" என்றாள். கோவிலில் கல்யாண ஓலை எழுதுகிற தேதிகூட முடிவாகியிருந்தது.

அன்றைக்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. டாக்டர் பேச்சை ஒரு தடவை சோதித்துப் பார்த்ததே போதும் என்றாகிவிட்டது.

கல்யாண வரவேற்பில் மிக்கேல் மாமா மேடையேறி ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். "இங்கனயே தொறங்க" என்றார். திறந்தேன். பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை. "மாப்ளைக்கு அளவு கிளாஸ்! இதுக்கு மேல ஊத்துனா நான் பொறுப்பில்ல" என்று மைக்கில் சொன்னார். பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்று சிரித்தார்கள்.

எத்தனை நாளைக்கு இருப்பான் என்று கோவில் வாசலில் கேட்டாரே, அவருக்காகவே சொல்கிறேன்: என் மூன்று பிள்ளைகளும் அந்தப் பாலாடையில்தான் பால் குடித்தார்கள். இப்போது பேத்தி குடிக்கிறாள். போன மாதம் பேத்தியைப் பார்க்க மகளின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, வந்திருந்தபோது, குழந்தை வீறிட்டு அழுதது. உள்ளே இருந்து என் மகள் கத்தினாள்: "அம்மா, அப்பாவோட பிராந்தி கிளாஸ் எங்க? பாப்பா அழுவுதுல்லா!"

சம்பந்தியம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கதையை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள் ஸ்டெல்லா. இத்தனை வருஷமாக அவள் சொல்லச் சொல்ல அந்தப் பிராந்தி மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு விரற்கடை ஒன்றாகி, பிறகு பாட்டில் மூடியாகி, இப்போது நான் அதை மோந்து பார்த்ததற்கே விழுந்துவிட்டேன் என்கிறாள்.