அரக்கு வைத்த அம்பாசிடர்

எனக்கு யாரையும் லேசில் நம்பத் தெரியாது. இதைக் குற்றமாக ஒப்புக்கொள்கிறேனே தவிர, திருந்திவிட்டதாகச் சொல்லவில்லை. கடையில் தேங்காய் வாங்கினால் நானே தட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன். கடைக்காரர் அதைப் பையில் போட்டுக் கொடுத்ததும், அதே தேங்காய்தானா என்று இன்னொரு முறை தட்டுவேன். என் கல்யாணப் பத்திரிகையில் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று அத்தனை பத்திரிகையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவன் நான். (எல்லாம் ஒரே அச்சுதானே சார் என்று அச்சகக்காரர் கேட்டார். அதை எப்படி நம்புவது?)

பாதிக் குற்றம் என் வேலையைச் சேர்ந்தது. கடலூரில் ஒரு உரக் குடோனில் நான் ஸ்டோர் கீப்பர். தினமும் சாயங்காலம் கதவைப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, அது ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை வைத்து அழுத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மறுநாள் காலை அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பூட்டைத் தொடலாம். வருஷக்கணக்காக இதையே செய்தவனுக்கு அரக்கு வைக்காத எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும்.

குடியிருந்தது சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே கடலூர் போய், நின்றுகொண்டே திரும்பி, 2008 வாக்கில் எனக்குக் கார் ஆசை வந்தது. புதுக் கார் வாங்கும் நிலைமை இல்லை. பழைய காராக ஒன்றை வாங்கி, கையைக் கடிக்காமல் சரிசெய்து, தினமும் வேலைக்கு ஓட்டிப் போவது என்று முடிவு செய்தேன். கிள்ளையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒன்று நிற்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் அம்பாசிடர், என்னைவிட இரண்டு வயது மூத்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு விக்கிறீங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஓடல சார். அதான்."

ஒருவர் இத்தனை வெளிப்படையாகப் பேசினால் எதையோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஒரு வாரம் யோசித்தேன். என்ன மறைக்கிறார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. வாங்கிவிட்டேன்.

சிதம்பரத்தில் ரஹீம் பாய் என்பவரின் ஒர்க்‌ஷாப்பில் வண்டி நாலு மாதம் கிடந்தது. பாய்க்கு அம்பாசிடர் என்றால் தண்ணி பட்ட பாடு. துருப்பிடித்து ஓட்டையான தரைக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். இஞ்சினை இறக்கிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி ஏற்றினார். வைப்பர் மோட்டாரும் கதவுக் கைப்பிடிகளும் புதுச்சேரியில் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து வந்தன. பெயின்ட், ஒரு பெரிய வீட்டு கேட்டுக்கு அடித்ததுபோக மிஞ்சிய பச்சை. நான் ஏதாவது கேட்டால், "ஜாஸ்தி ஆசப்படாதீங்க சார். வண்டி ஓடணும், அவ்ளோதான்," என்பார்.

தினமும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அங்கே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். நல்ல பார்ட்ஸைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டிவிடுவார்கள் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார். டீயைக் குடிக்க நான் தலையைக் குனிகிற நேரத்தில் ஏதாவது நடக்கலாம் என்று குனியாமலே குடிப்பேன். (சட்டை எல்லாம் டீ.) வேலை முடிந்த அன்று, கழற்றிய பழைய சாமான்களை ஒரு சிமென்ட் சாக்கில் போட்டு, நான் கேட்காமலே கொடுத்தார். கேட்காமல் ஏன் கொடுக்கிறார் என்ற யோசனையில் எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

வண்டி நன்றாகவே ஓடியது. கிள்ளை வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம், ஒரு இருமல் இல்லை. ஆனால் வாசலில் நிறுத்தினால் பெட்ரோல் முள் காட்டுகிற இடம் ராத்திரிக்கும் காலைக்கும் வேறாக இருந்தது. முள்ளே கிறுக்கு என்று பாய் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. என் சந்தேகம் செந்தில் மேல். செந்தில் என் மனைவி சுமதியின் தம்பி, எங்கள் மாடியில்தான் குடியிருந்தான். அவன் பைக் ஊரெல்லாம் சுற்றியது, ஆனால் பெட்ரோல் பங்கில் அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் சுமதிக்கு அந்தக் கடிதம் வந்தது. பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஒன்பது வருஷமாகக் காத்திருந்தாள். அரசுப் பள்ளி ஆசிரியை வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடலூரில். அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும், வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது என்று கடிதத்தில் இருந்தது. அதை அவள் மடித்து மடித்துப் படித்ததில் மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருந்தாள்.

"ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிடலாங்க," என்றாள்.

"வாசல்ல கார வச்சிக்கிட்டு பஸ்ஸா? பஸ்ல ஃபைல எவனாவது அடிச்சிட்டுப் போயிடுவான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன். நிறைந்த டேங்கைச் செந்திலின் கண்ணெதிரே எப்படி விட்டுவைப்பது? பெட்ரோல் மூடியை ஆராய்ந்தேன். அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. இதற்கு யார் பொறுப்பு என்று தெரியவில்லை, ஆனால் எவனோ வேலை காட்டியிருக்கிறான் என்று தெரிந்தது. குடோனிலிருந்து அரக்கும் முத்திரையும் எடுத்து வந்திருந்தேன். அரக்கை அடுப்படியில் கரண்டியில் உருக்கி (பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது), முதலில் அந்த ஓட்டையை அடைத்தேன். பிறகு மூடியைச் சுற்றித் துணி கட்டி, மேலே மொத்தமாக ஊற்றி, முத்திரையை வைத்து அழுத்தினேன். காற்றுகூட நுழையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அதோடு விடவில்லை, இன்னொரு வேலையும் செய்தேன். திங்கட்கிழமை காலை சுமதி குளிக்கப் போன நேரத்தில், அவள் ஃபைலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த அசல் சான்றிதழ்களை உருவிக்கொண்டு, அங்கே ஜெராக்ஸை வைத்தேன். அசலை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, அதற்கும் அரக்கு வைத்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் செருகினேன். திருடன் ஃபைலைத்தானே தூக்குவான்? சுமதியிடம் சொல்லவில்லை. ரகசியம் ரெண்டு பேருக்குத் தெரிந்தால் ரகசியம் இல்லை.

ஏழரைக்குக் கிளம்பினோம். கடலூரில் ஏதோ வேலை என்று செந்திலும் பின் சீட்டில் ஏறிக்கொண்டான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, பி.முட்லூரைத் தாண்டியதும் வண்டி ரெண்டு முறை தும்மியது, மூச்சு முட்டியது போல் இழுத்தது, நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். (எனக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் திறந்து பார்க்கவேண்டும் என்று தெரியும்.) பிறகு பாய்க்கு போன் போட்டேன்.

"பாய், உண்மையச் சொல்லுங்க. பெட்ரோல் பம்ப மாத்திட்டீங்களா?"

"மாத்தச் சொன்னதே நீங்கதான சார்?"

"அந்தப் புதுசக் கழட்டிட்டு வேற போட்டீங்களான்னு கேக்கறேன்."

வண்டி எப்படி நின்றது என்று பாய் கேட்டார், சொன்னேன். பிறகு, "பெட்ரோல் ஏறாத மாதிரி இருக்கு. டேங்கு மூடியத் தொறந்து மூடுங்க சார்," என்றார்.

டேங்க் மூடியைத் திற! இத்தனை நாள் எதற்காகப் பொறுத்திருந்தாரோ அது வெளியே வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. நான் அரக்கு வைத்தது தெரிந்துபோய், அதை என் கையாலேயே உடைக்க வைக்கிறார். போனை வைத்துவிட்டேன். இருபது நிமிஷம் கழித்து சாவியைத் திருப்பினால் வண்டி தானாகவே கிளம்பியது.

"பாத்தியா, பாய் மூடியத் தொறக்கச் சொன்னாரு, தொறக்காமயே ஓடுது," என்று சுமதியிடம் சொன்னேன்.

புதுச்சத்திரத்தில் மறுபடி நின்றது.

"மாமா, பாய் சொன்னாரே, மூடியத் தொறந்துதான் பாப்பமே," என்றான் செந்தில்.

திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தேன். பாய் ஒருபக்கம், மச்சான் ஒருபக்கம், ரெண்டு பேரும் ஒரே மூடியைத் திறக்கச் சொல்கிறார்கள். எத்தனை நாளாக நடக்கிறதோ இந்தக் கூட்டு! "ஒனக்கு அந்த மூடி மேல என்ன அவ்ளோ அக்கற?" என்றேன். இன்னொரு கால் மணி நேரம் போயிற்று. வண்டி கிளம்பியது.

மூன்றாவது முறை ஆலப்பாக்கத்தில் நின்றபோது மணி ஒன்பது பத்து. சுமதி ஃபைலை மடியில் வைத்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. நான் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தேன்.

"ஒங்க காரும் நீங்களும் மெதுவா வாங்க. நான் போறேன்," என்று குரல் கேட்டது. நான் நிமிர்ந்தபோது, கூட்டம் பிதுங்கிய ஒரு பஸ் நின்று, அவளைப் படியில் ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டது.

அப்பாடா, அவளாவது நேரத்துக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் ஓடிப்போய் டிரைவர் கதவைத் திறந்தேன். அவள் கையில் இருப்பது ஜெராக்ஸ். அசல் என் சீட்டுக்கு அடியில். போன் பண்ணலாம் என்றால் வீட்டுக்கே ஒரு செல்போன், அது என் சட்டைப்பையில்.

செந்திலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு, சாலையோரம் கிடந்த கல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

ஒன்பது வருஷக் காத்திருப்பு ஒரு பக்கம், என் அரக்கு ஒரு பக்கம். "ஒடைடா மச்சான்," என்றேன்.

அவன் அரக்கைத் தட்டி உதிர்த்து, துணியைக் கிழித்து, மூடியைத் திருகினான். புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. டேங்க் வெளிக்காற்றை உள்ளே இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. சாவியைத் திருப்பினேன், ஒரே சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே வரவேண்டுமாம். அதை அடைத்தால் பெட்ரோல் நகராதாம். இதைச் செந்தில் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தான். (என் டேங்கைப் பற்றி இவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியது. மறைக்க விரும்பவில்லை.) மூடியை இறுக்காமல் லேசாக வைத்திருந்ததால், அதன் பிறகு வண்டி கடலூர் வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை.

சரிபார்ப்பு நடந்த கூடத்தைத் தேடிப் பிடித்து உள்ளே நான் கவரோடு ஓடியபோது பத்து இருபது. சுமதி ஒரு மேஜையின் முன் நின்றுகொண்டிருந்தாள். எதிரே கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மா, ஃபைலை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, "எல்லாமே ஜெராக்ஸா இருக்கேம்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுமதியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், ஒரிஜினல் இங்க இருக்கு!" என்று கவரை நீட்டினேன்.

அவர் கவரை வாங்கவில்லை. அதையே பார்த்தார். "இது என்ன அரக்கு? எந்த ஆபீஸ் சீல் இது?" பிறகு வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "ஒரக் குடோனா?"

"ஆமாங்க மேடம். பத்திரத்துக்கு..."

"சர்டிபிகேட்டுக்கு யாருங்க அரக்கு வப்பாங்க? நான் இத்தன வருஷத்துல பாத்ததில்ல." கவரைப் பிரித்து, ஒவ்வொரு சான்றிதழையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் விரலால் தடவிப் பார்த்தார். ரெண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஊரையே அப்படிப் பார்த்துப் பழகிய எனக்கு, பார்க்கப்படுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"சரி. அசல் ஏன் ஃபைல்ல இல்ல, ஏன் சீல் வச்சிருக்குன்னு காரணத்த எழுதிக் குடுங்க. இல்லன்னா என்னால டிக் போட முடியாது."

பேப்பரை வாங்கிக்கொண்டு நின்றேன். என்ன எழுதுவது என்று கை ஓடவில்லை.

"நான் சொல்றேன், எழுதுங்க," என்றாள் சுமதி. "மெக்கானிக்கை நம்பாத காரணத்தாலும்..."

எழுதினேன்.

"என் மைத்துனரை நம்பாத காரணத்தாலும்..."

எழுதினேன்.

"என் மனைவியை நம்பாத காரணத்தாலும்..."

பேனா நின்றுவிட்டது. "ஒன்ன நம்பாமயா? திருடனுக்குப் பயந்துதான சுமதி..."

"என்ன நம்பியிருந்தா எங்கிட்ட சொல்லிட்டு எடுத்திருப்பீங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. அன்றுவரை என் குணத்துக்கு நான் ஜாக்கிரதை என்று பெயர் வைத்திருந்தேன். கூட இருப்பவர்களுக்கு அது எப்படி வலிக்கும் என்று யோசித்ததே இல்லை. அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேடம் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு முறை சுமதியைப் பார்த்தார். பிறகு டிக் போட்டார்.

சுமதிக்கு வேலை கிடைத்தது. ரஹீம் பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஓட்டையில் இருந்த அரக்கைக் கம்பியால் குத்தி எடுத்துக் கொடுத்து, டீ வாங்கி வரச்சொன்னார். குனிந்து குடித்தேன்.

எங்கள் வீட்டில் சரிபார்ப்பு நடந்த அன்று ஒரு வழக்கம் ஆரம்பித்தது. நான் எதையாவது சந்தேகப்பட்டு வாயைத் திறந்தால், யாராவது ஒருவர் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து, "எழுதிக் குடுங்க," என்று நீட்டுவார்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்தால்கூட என் மகள் பையிலிருந்து நோட்டை எடுத்துவிடுகிறாள். செந்தில் தன் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியிலேயே நான் எழுதிக் கொடுத்த அந்தக் கடிதத்தை மனப்பாடமாக ஒப்பித்தான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து முதலில் சுமதியிடம்தான் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். பேனாவை என் பக்கம் நகர்த்தி, "கீழ ஒரு கையெழுத்துப் போட்டு, தேதியும் போடுங்க," என்றாள்.