கெண்டை மரகதத்துக்கு வழிவிட்ட கொக்குகள்

ஒரு காட்டில், மீன் தின்னாதவர்கள் எல்லாம் கூடி மீன் பாதுகாப்பு மன்றம் ஒன்றை நடத்திவந்தார்கள். புள்ளிமான் சாந்தமூர்த்தி அதற்குத் தலைவர். பிறந்ததிலிருந்து புல்லைத் தவிர வேறெதையும் வாயில் வைத்ததில்லை என்பதுதான் அவருடைய தகுதி.

அந்த ஆண்டு வெள்ளம் அடித்துவந்த மரக்கிளைகளும், சுற்றுலா வந்த மனிதர்கள் போட்டுப்போன பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்து ஆற்றின் பாறை இடுக்கை அடைத்துக்கொண்டன. அதைத் தாண்டி மேலே போனால்தான் கெண்டைகள் முட்டையிடும் கூழாங்கல் மடு. கெண்டை மரகதத்துக்கு வயிறு நிறைய முட்டை. இன்னும் ஐந்து நாளில் இடுக்கில் தண்ணீர் வற்றிவிடும். அதற்குள் போய்ச் சேராவிட்டால் அத்தனையும் வீண்.

மன்றம் கரையோரம்தான் இருந்தது. மரகதம் போய் முறையிட்டாள். சாந்தமூர்த்தி கேட்டுவிட்டு நிஜமாகவே அழுதார். பிறகு டோக்கன் கொடுத்து, விண்ணப்பத்தோடு இருப்பிடச் சான்றும் கேட்டார். ஓடும் தண்ணீரில் இருப்பவளுக்குக் கதவு எண் ஏது? பரிசீலிப்பதாகச் சொல்லி, அவளோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தார். இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் காலையில் பாறை இடுக்கில் ஒரே கூட்டம். பன்னிரண்டு கொக்குகள், நான்கு நீர்நாய்கள். மரகதத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு கல்லுக்கடியில் பதுங்கிக்கொண்டு, கொக்குகளுக்கு மூத்தவரான வைரவனிடம் கேட்டாள்.

"அண்ணே, நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"அடைப்பை எடுக்கத்தான் தாயி. உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? இந்த வருசம் நீ முட்டை போடலைன்னா, அடுத்த வருசம் என் பிள்ளைக எதைத் திங்கும்?"

இவ்வளவு நேர்மையான பதிலை அவள் மன்றத்தில் கேட்டதே இல்லை.

வேலை முடியும்வரை ஒரு மீனையும் தொடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். வாக்குத் தவறாமலிருக்க, கொக்குகள் எல்லாம் அலகைக் கொடியால் இறுகக் கட்டிக்கொண்டன. கட்டிய பிறகுதான் தெரிந்தது, சுள்ளியைத் தூக்கவும் அதே அலகுதான் வேண்டும் என்று. கட்டை அவிழ்க்கவும் அதே அலகுதான். நீர்நாய் குப்பாயி ஒவ்வொரு முடிச்சாகக் கடித்து அவிழ்ப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அதன்பின் புது விதி வந்தது: மீன் கண்ணில் படும்போது வாயில் சுள்ளி இருந்தே தீர வேண்டும்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வழி திறந்தது. மரகதம் வைரவனின் கால்களுக்கு நடுவே புகுந்து மேலே ஏறினாள். நல்ல கொழுத்த கெண்டை. வைரவன் சுள்ளியை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

முட்டைகள் பொரிந்தன. மடு முழுக்கக் குஞ்சுகள். வைரவன் தினமும் காலையில் வந்து, தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் வளர்ந்திருந்தார்கள். ஏழு பேரை விழுங்கினார்.

சாந்தமூர்த்தி கண்ணீர் அஞ்சலி பேனரோடு ஓடிவந்தார். கொக்குகள் இனி ஆற்றுப்பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டுவிடலாம், மரகதம் சம்மதித்தால் போதும் என்றார். மரகதம் அழுதுகொண்டுதான் இருந்தாள். பெற்றவள் இல்லையா? ஆனாலும் சம்மதிக்கவில்லை.

"அவரு என் பிள்ளைக ஏழு பேரைத் தின்னாரு, ஐயா. மீதி அஞ்சாயிரம் பேரு பொறந்ததும் அவராலதான். நீங்க ஒருத்தரையும் தின்னலை. அதைத் தவிர வேற என்ன செஞ்சீங்க?"

சாந்தமூர்த்தி கேள்வியை எழுத்துமூலம் தரும்படி கேட்டுக்கொண்டார்.

நீதி: உங்கள் வம்சம் தழைக்க வேண்டுமானால், உங்களைத் தின்ன ஆசைப்படுகிற நல்லவர்கள் நாலு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.