விமான நிலையத்தைத் தள்ளிவைக்கச் சொன்னவர்

கடலோரம் மனை வாங்கிக் குடியேறிவிட்டு, அலை ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று கடலிடமே சண்டைக்குப் போகும் ஒரு ரக மனிதர்கள் உண்டு. பின்னால் வந்து சேர்ந்து, முன்பே இருப்பதை நகரச் சொல்பவர்கள். அந்த ரகத்தில் முதல்தரச் சரக்கு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் எழுபத்தாறில் துபாய்க்கு வந்திருக்க வேண்டும்.

பெயர் கல்யாணசுந்தரம். கும்பகோணத்துக்காரர். கட்டுமானக் கம்பெனியில் கணக்கர். பர் துபாய்ப் பகுதியில் நான்கு பேரோடு ஒரே ரூமில் கிடந்து, குளிக்கவும் சமைக்கவும் வரிசையில் நின்று அலுத்துப்போய், ஊரில் பிரசவித்த மனைவி பிரபாவதி கைக்குழந்தையோடு வந்து இறங்குவதற்குள் ஒரு தனி வீடு பார்த்தே தீருவது என்று அலைந்து, விமான நிலைய வேலியை ஒட்டிப் புதிதாக முளைத்திருந்த வீடுகளில் ஒன்றைப் பிடித்தார். அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே!

"ஏர்போர்ட் கூப்பிடு தூரம்! லீவுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு நடந்தே போயிடலாம்."

மூன்றே நாள். அலமாரியில் டம்ளர்கள் கும்மியடித்தன. பக்கத்து வீட்டுப் பத்மாவிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளப் போனால், "கல்யாண" என்பதற்குள் ஒரு ஜம்போ விமானம் தலைக்கு மேல் வந்து மிச்சப் பெயரை விழுங்கிவிட்டது. அந்த அம்மாள் அன்றுமுதல் அவரைக் 'கல்யாணம் சார்' என்றே கூப்பிட்டாள். எத்தனை நாள் பொறுப்பார்? விமான நிலையத்தில் வேலை பார்த்த காயல்பட்டினத்துக் கலீலுர் ரஹ்மானிடம் நேரே போய் நின்றார்.

"பாய், அந்த ரன்வேயைப் பாலைவனத்துப் பக்கமா கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கக் கூடாதா?"

"ரன்வே போட்டுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு சார். நீங்க குடிவந்து?"

"மூணு வாரம். அதனால என்ன? குடியிருக்கிறவன் சௌகரியம்தானே முக்கியம்?"

ரஹ்மான் பாலில்லாத சுலைமானி டீ ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். இந்த ரகத்துக்கு வேறென்ன பதில் சொல்ல முடியும்? கல்யாணசுந்தரம் குடித்தார். அடுத்த வாரமும் வந்தார்.

பிரபாவதி பம்பாயிலிருந்து வரவேண்டிய நாள் வந்தது. பிற்பகலில் புழுதிக்காற்று கிளம்பி வானம் செங்கல் நிறமாகிவிட்டது. ஒரு விமானமும் இறங்கவில்லை, ஒன்றும் ஏறவில்லை. அவர் கேட்ட நிசப்தம், கேட்டபடியே கிடைத்தது. அனுபவித்தாரா? வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ரஹ்மானிடம் ஓடினார்.

"பாய், சத்தமே இல்லையே!"

"புழுதி சார். வீட்டம்மா வர்ற ஃபிளைட் மேலதான் சுத்திக்கிட்டு இருக்கு. காத்து அடங்கினா இறக்கிடுவாங்க. உக்காருங்க."

உட்காரவில்லை. இன்னும் முகம் பார்த்திராத மகன் அந்தச் செங்கல் வானத்துக்குள் எங்கோ இருக்கிறான். வேலியைப் பிடித்தபடி, கும்பகோணத்துச் சாமிகளை ஒன்று விடாமல் கூப்பிட்டார். நெடுநேரம் கழித்து மேலே ஒரு முனகல் கேட்டது. முனகல் இரைச்சலாகி, இரைச்சல் இடியாகி, வேலிக் கம்பி அவர் கைக்குள் நடுங்கியது.

"வா! கீழே வா! இன்னும் சத்தமா வா!" என்று அவர் கூவினார்.

சக்கரம் தரையைத் தொட்டபோது கண்ணீரும் புழுதியும் குழைந்து கன்னத்தில் சேறாகியிருந்தன.

"என்னங்க இது, மண்ணுல புரண்டீங்களா?" என்றபடி, வெளியே வந்த பிரபாவதி குழந்தையை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். மார்போடு அணைத்துக்கொண்டார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை ரஹ்மான் நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் வந்துவிட்டார்.

"பாய், குழந்தை தூங்குற நேரமாப் பார்த்து விடுறாங்களே! பம்பாய் ஃபிளைட் இருக்கட்டும், பாவம். மத்ததையெல்லாம் கொஞ்சம் தள்ளி இறக்கச் சொல்லுங்க."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் பிள்ளைகளுக்கு வசதி என்று பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே வீடு பிடித்துவிட்டு, மணியை மெதுவாக அடிக்கக் கூடாதா என்று நேற்று வாசலில் நின்று முணுமுணுத்தது யார்? நான் பெயர் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், மணி அடிக்கப் போகிறார்கள்.