உப்புத்தாள் பள்ளிக்கூடம்

"அப்பா, காலைத் தூக்குங்க. கூட்டோணும்."

அரங்கசாமிக் கவுண்டர் குனிந்து பார்த்தார். அவருடைய நாலரை வயது மகள் மாசாணியம்மாள், தன் உயரத்துக்கு ஒடித்த சீமாறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலிக்கு அடியில் கிடந்த வெற்றிலைக் காம்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆரு கண்ணு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"டீச்சருங்கப்பா. பள்ளிக்கூடத்துல நான் கூட்டுவேன், தண்ணி ஊத்துவேன், பித்தாளைச் சொம்பு தேய்ப்பேன்."

கவுண்டருக்குப் பகீரென்றது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஆனைமலை மாசாணியம்மனுக்கு நடையாய் நடந்து பெற்ற ஒரே பிள்ளை. சிங்காநல்லூரில் நாற்பது ஏக்கர் தோட்டம், அத்தனையும் இவளுக்குத்தான். இவள் போய் ஊரான் சொம்பைத் தேய்ப்பதா?

"பழனாத்தா! உன்ற பேச்சைக் கேட்டுத்தான அந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துனேன்? பாரு, புள்ளையை வேலைக்காரி ஆக்கிப்போட்டாங்க!"

"ஏனுங்க, அது மாண்டிசோரிப் பள்ளிக்கூடமுங்க. அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்களாமா" என்றாள் அவர் மனைவி, அடுப்படியிலிருந்தே.

முப்பத்தெட்டாம் வருஷம் கோயம்புத்தூரில் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பெயரே வாயில் நுழையாத இடத்தில் என்ன நடக்கிறதோ என்று கவுண்டர் சந்தேகப்பட்டார். சந்தேகம் அவருக்குக் கைவந்த கலை. பால்காரனைச் சந்தேகப்படுவார், மைத்துனனைச் சந்தேகப்படுவார், மில் சங்கு ஊதினால் ஐந்து நிமிஷம் முன்னாடியே ஊதிவிட்டான் என்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கண்ணாடி சரியில்லை என்பார். கையெழுத்துப் போடாததற்கும் காரணம் வைத்திருந்தார். "கையெழுத்தை எந்தக் கழுதையும் பாத்துப் போட்டுருவான். பெருவெரல் ரேகையை எவன் போடுவான்?"

படிப்பது, எழுதுவது எல்லாம் காரியஸ்தர் தம்பிதுரையின் வேலை. அவர் காதிலும் விஷயத்தைப் போட்டார் கவுண்டர்.

தம்பிதுரை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "முப்பது புள்ளைக படிக்குது. கூட்டறதுக்கு ஒரு ஆளு கூட வெக்கலீங்களாமா. எனக்கென்னமோ மனசுக்குச் செரியாப் படலீங்க."

போதாதா? மறுநாள் காலையில் வில்வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கவுண்டர் பள்ளிக்கூடத்தின் மதில் மேல் மெல்லத் தலையைத் தூக்கினார்.

உள்ளே மூன்று வயதுப் பொடிசு ஒன்று நிஜக் கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது. "அட பாவிகளா" என்று அவர் முணுமுணுப்பதற்குள், கொய்யா மரத்தடியில் இருந்த ஒரு பெண் குழந்தை மதிலைப் பார்த்தது. மதிலுக்கு மேலே ஒரு தலைப்பாகையும் அதற்குக் கீழே ஒரு கொடுவாள் மீசையும் மட்டும் தெரிந்தன.

"டீச்சர்! புள்ளை புடிக்கிறவன்!"

அடுத்த நிமிஷம் பிள்ளைகள் சத்தமில்லாமல் வரிசையாக உள்ளே போயின. கதவு சாத்திக்கொண்டது. தெருவில் போன நாலு பேர் வந்து கவுண்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். ஜெபராணி டீச்சர் வெளியே வந்தார். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர், முப்பது வயதிருக்கும், குரல் ஏறவே ஏறாது.

"யாருங்க நீங்க? எந்தக் குழந்தையைப் பாக்க வந்தீங்க?"

"என்ற புள்ளையைத்தான்!"

"அதைப் புள்ளையே சொல்லட்டும்" என்று டீச்சர் மாசாணியை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். மாசாணி அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கப்பாதானுங்க டீச்சர். ஆனா எப்பவும் மதில் ஏற மாட்டாருங்க."

கையைப் பிடித்தவர்கள் விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கவுண்டருக்கு மானம் போய்விட்டது. "கேட்ல வந்து பேரைச் சொல்லுங்க, எப்ப வேணும்னாலும் உள்ளே விடறோம். தெரியாத ஆளுகளை மட்டும் அண்ட விடறதில்லீங்க" என்று டீச்சர் மரியாதையாகத்தான் சொன்னார். கதவைச் சாத்துகிற அளவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றுதான் கவுண்டர் நினைத்தார்.

தான் போக முடியாது. வேவு பார்க்க ஓர் ஆள் வேண்டும். வீட்டு வேலைக்காரி கருப்பாத்தாளைக் கூப்பிட்டார். முப்பது வயது, புருஷனை இழந்தவள், வாய் அதிகம் பேசாதவள்.

"நாளையிலிருந்து புள்ளைக்குத் தொணையாப் போ. ஒரு மூலையில உக்காந்து எல்லாத்தையும் பாரு. சாயங்காலம் எனக்கு ஒண்ணு விடாமச் சொல்லோணும்."

"செரிங்க பண்ணாடி."

முதல் நாள் சாயங்காலமே அவள் குண்டு போட்டாள்.

"புள்ளை கண்ணைத் துணியில கட்டிப்போட்டாங்க, பண்ணாடி. கட்டிப்போட்டு, இது பட்டா, இது சாக்கான்னு தடவிப் பாக்கச் சொல்றாங்க."

"கண்ணைக் கட்டறாங்களா!" கவுண்டர் எழுந்தே விட்டார். "நாளைக்கு எம்புள்ளைக்குப் பதிலா நீ கட்டிக்கோ. அவ கத்தியைத் தொடக்கூடாது, நீ நறுக்கு. அவ கூட்டக்கூடாது, நீ கூட்டு."

மறுநாள் கருப்பாத்தாள் அப்படியே செய்தாள். விளைவு, மாசாணி வீட்டுக்கு வந்து சோறு தின்ன மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். "என்ற வேலையெல்லாம் இவ புடுங்கிக்கறா" என்று ஒரே அழுகை. அழ வைக்கிறார்கள் என்று கவுண்டர் அதையும் பள்ளிக்கூடத்தின் கணக்கில் சேர்த்தார்.

டீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தம்பிதுரை படித்தார்: "குழந்தை தன் வேலையைத் தானே செய்ய அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"பாத்தீங்களா, வேலை வாங்கறோம்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார் தம்பிதுரை. கவுண்டர் பல்லை நறநறவென்று கடித்தார்.

ஒரு வாரம் கழித்து வந்ததுதான் பெரிய இடி.

"உப்புத்தாளுங்க, பண்ணாடி" என்றாள் கருப்பாத்தாள். "வளைச்சு நெளிச்சு வெட்டி அட்டையில ஒட்டி வெச்சிருக்கறாங்க. புள்ளைகளை வெரல்ல தேய்க்கச் சொல்றாங்க. தேச்ச எடத்து மேலயே திருப்பித் திருப்பி."

"மரம் இழைக்கற உப்புத்தாளா?"

"அதேதானுங்க. சொரசொரன்னு இருக்குது."

கவுண்டர் தன் பெருவிரலைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ரேகை! பிள்ளைகளின் ரேகையை அழிக்கிறார்கள்! நாளைக்கு நாற்பது ஏக்கருக்கு இவள்தான் உடைமைக்காரி என்று எப்படி நிரூபிப்பது? அன்று சாயங்காலமே கேட்டில் போய்ப் பேரைச் சொல்லி நேராக உள்ளே நுழைந்தார்.

"டீச்சரம்மா, எம்புள்ளை வெரல் அந்த உப்புத்தாள்ல படக்கூடாது!"

"அது எழுத்துங்க. கண்ணுல பாக்கறதை விட வெரல்ல தடவினா மனசுல நல்லா..."

"மனசுல பதியும், ரேகை போயிருமே? அதுக்கு நான் ஆளுப் போட்டிருக்கறேன். கருப்பாத்தா தேய்ப்பா. எத்தனை அட்டை இருந்தாலும் அவளே தேய்ப்பா. அவளுக்கு ரேகை இருந்து என்ன ஆகோணும்?"

ஜெபராணி டீச்சர் கவுண்டரைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற கருப்பாத்தாளைப் பார்த்தார்.

"செரிங்க. கருப்பாத்தாளே தேய்க்கட்டும். கூட்டறது, தண்ணி ஊத்தறது மட்டும் மாசாணிக்கு விட்டுருங்க. புள்ளை ஏங்கிப் போயிருது."

மகள் சாப்பிட வேண்டுமே என்று அதற்குக் கவுண்டர் இறங்கி வந்தார். டீச்சர் கருப்பாத்தாளுக்கும் ஒரு பாயை விரித்தார். நாலு மாதம் ஓடியது. தினமும் சாயங்காலம் கவுண்டர் மகளின் பத்து விரல்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ரேகை அழியவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அப்படியானால் திட்டம் வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோவும் ஒருநாள் வந்தது. கருப்பாத்தாள் சொல்லத் தயங்கினாள். மிரட்டிக் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. இன்னைக்கு ஜன்னலெல்லாம் சாத்திப்போட்டு, அத்தனை புள்ளைகளும் அசையாம உக்காந்துச்சுங்க. டீச்சரு பக்கத்து ரூம்புல இருந்து கிசுகிசுன்னு பேரைச் சொன்னாங்க. பேரு கேட்ட புள்ளை எந்திரிச்சு, காலடிச் சத்தமே இல்லாம நடந்து அவங்ககிட்டப் போச்சுங்க. அமைதியா இருக்கப் பழக்கறாங்களாமா. நல்லாத்தானுங்க இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா? மந்திரமடி அது! உன்னையும் மயக்கிப்போட்டாங்க!"

கவுண்டருக்கு அன்று உண்மையிலேயே பயம் வந்தது. குரல் கொடுத்தால் எழுந்து நடக்கிற பிள்ளை, நாளைக்கு எவன் கூப்பிட்டாலும் போகுமே. பன்னிரண்டு வருஷத் தவத்தை எவனோ ஒருவன் கிசுகிசுப்பில் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பிதுரை, அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிப்போடோணும். என்ன பண்ணலாம்?"

"மனுக் குடுக்கலாமுங்க. சும்மா காகிதத்துல குடுத்தா குப்பையில போட்டுருவாங்க. முத்திரைத் தாள்ல எழுதி, ரிஜிஸ்தர் கச்சேரியில நீங்களே நேர்ல வந்து பதிஞ்சாத்தான் எடுபடும். நாளைக்குப் பதினோரு மணிக்கு நல்ல நேரமுங்க."

மறுநாள் காலையில் வில்வண்டி வாசலில் பூட்டி நின்றது. கூடத்தில் மேசை மேல் முத்திரைத் தாள், பக்கத்தில் மைப்பெட்டி. பழனாத்தாள் தூணோரம் நின்று மூக்கைச் சிந்தினாள். "ஏனுங்க, புள்ளை அங்க சந்தோசமா இருக்குதுங்க. மூட வெச்சிராதீங்க." மாசாணி பள்ளிக்கூடத்துக்குப் போகக் கட்டிய பாவாடையோடு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு ஏன் வண்டியில் ஏற்றவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

"அதெல்லாம் பாத்தா புள்ளையைப் பறிகுடுக்கோணும். படிச்சுச் சொல்லு, தம்பிதுரை. ஒரு வார்த்தை விடாத."

தம்பிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று படித்தார். "சிங்காநல்லூர் அரங்கசாமிக் கவுண்டர் எழுதிக்கொடுத்தது. ஜெபராணி என்கிற டீச்சர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளின் கண்ணைக் கட்டியும், உப்புத்தாளால் விரலைத் தேய்த்தும், மந்திரம் ஓதியும் கொடுமை செய்வதால், மேற்படி பள்ளிக்கூடத்தை உடனே இழுத்து மூட வேண்டியது..."

"சபாசு!" என்றார் கவுண்டர். நாலு மாதக் கோபமும் இறங்கிய மாதிரி இருந்தது. "ஒண்ணு விடாம எழுதிப்போட்ட. எங்க வெக்கோணும்?"

"இங்கீங்க, அடியில. இங்க ஒண்ணு, மறுபக்கம் ஒண்ணு. நேரமாச்சுங்க, வெரசா."

கவுண்டர் பெருவிரலை மையில் அழுத்தினார். அப்போதுதான் கருப்பாத்தாள் மோர்ச் சொம்போடு வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நின்றவள் நகரவில்லை. சொம்பை மேசையில் வைத்தாள். தலையைச் சாய்த்து முத்திரைத் தாளைப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது.

"இங்க என்னடி வேலை உனக்கு? அக்கட்டால போ!" என்று சீறினார் தம்பிதுரை. அத்தனை கோபத்தை அவரிடம் யாரும் பார்த்ததில்லை. தாளை அவர் கையால் மறைக்கப் பார்த்தார்.

அவள் போகவில்லை. மையோடு இறங்கிக்கொண்டிருந்த கவுண்டரின் கையைச் சட்டென்று மணிக்கட்டில் பிடித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் பண்ணாடியைத் தொட்டதே இல்லை.

"என்னடி இது?" என்றார் கவுண்டர் திகைத்துப் போய்.

கருப்பாத்தாள் எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஆனால் தடங்கலில்லாமல் சொன்னாள்.

"பண்ணாடி, இவரு படிச்சுக் காட்டுன பள்ளிக்கூடமும் டீச்சரும் இதுல எங்கயுமே காணமுங்க; 'நாற்பது ஏக்கர் தோட்டத்தையும் தம்பிதுரைக்கே கிரயம் செய்து கொடுத்தேன்'னுதானுங்க எழுதீருக்குது."