வாய்தாவில் வளர்ந்த மந்திரி

வாய்தா மன்னர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. கறுப்புக் கோட்டில் முளைக்கும், நகராட்சி நாற்காலியில் கிளைவிடும், மந்திரி காரில் பூத்துக் குலுங்கும். காய்க்க மட்டும் காய்க்காது.

நம் தையல்கார அக்காவுக்கு வாய்த்த வக்கீல் அந்த இனத்தின் அசல் வித்து. புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஒரு மகளும் ஒரு தையல் மெஷினும்தான். அவள் தைத்துவந்த வாடகைக் கடையின் சொந்தக்காரர் மெஷினை உள்ளே வைத்தே கடையைப் பூட்டிவிட்டார். அழுதுகொண்டே அவள் ஓடியது நம் வக்கீலிடம். "கவலைப்படாதம்மா, அண்ணன் இருக்கேன்" என்றார். இருந்தார், இருந்தார், இருந்துகொண்டே இருந்தார். ஒருநாள் தொண்டைக்கட்டு, ஒருநாள் கார் பழுது, மற்ற நாளெல்லாம் அத்தை சாவு. ஒரே அத்தைதான், மூன்று தடவை செத்தார்.

"இன்னிக்கும் வாய்தாவாண்ணே?"

"கேஸ் உயிரோட இருக்குல்ல? சந்தோஷப்படும்மா!"

அக்கா ஊரார் துணிக்கெல்லாம் கையாலேயே தையல் போட்டு விரல் புண்ணானாள். அவரோ நகராட்சித் தலைவரானார். ஆசையோடு போய் நின்றாள்.

"இப்ப நீங்க ஒரு வார்த்தை சொன்னா பூட்டு திறந்துரும்ண்ணே."

"தலைவரே தலையிட்டா நீதி என்னம்மா ஆகும்? ஒரு குழு போடுறேன்."

போட்டார். அந்தக் குழு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க இன்னொரு குழுவும் போட்டார். இத்தனை சுறுசுறுப்பைப் பார்த்து மேலிடம் சும்மா இருக்குமா? மந்திரியாக்கிவிட்டது.

மந்திரியானதும் சாலையை அகலப்படுத்த வந்தார். பூட்டிய கடையின் முன் புல்டோசர் உறுமி நின்றது. மாலையும் கொடியுமாக நின்றவரின் காலில் அக்கா விழுந்தாள்.

"அண்ணே, மெஷின் உள்ளதான் இருக்கு. பூட்டை உடைச்சு எடுத்துக்கிறேன். ஒரு கால்மணி நேரம் வாய்தா குடுங்கண்ணே!"

வாழ்நாளெல்லாம் வாய்தாவை உண்டு கொழுத்த அந்த மனிதர், கேமராக்களைப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

"மக்கள் பணியில ஒரு நொடிகூடத் தாமதிக்க மாட்டேன்!"

கொடி அசைந்தது, சுவர் சரிந்தது. இரும்பு நசுங்கும் ஓசை கைதட்டலில் அமுங்கிப்போனது. மகள் மட்டும் அம்மாவின் கண்களைப் பொத்தினாள்.

கொதிக்கிறதா உங்களுக்கு? கொதிக்கட்டும். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் எதையோ கேட்டுவிட்டு, உங்கள் வாயிலிருந்து வந்த "பார்க்கலாம்" என்ற சொல்லை நம்பி உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? உங்களுக்கு ஓட்டுப் போட ஆள் கிடைக்காத வரை ஊர் தப்பித்தது.