ஏழாவது சோளம்

“ஒரு முட்டை பொரிய மூணு வாரமா? யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?” என்று ஒரு காட்டில் ஒரு நரி, அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை அதட்டிக்கொண்டிருந்தது.

“யாரையும் கேக்கல ஐயா. எங்கம்மா காலத்துலருந்தே அப்படித்தான்,” என்றது செவ்வந்தி என்ற அந்தக் கோழி.

“அம்மா காலம் வேற. ஒரே வாரம். பக்கத்துக் காட்டு ராஜாவை விழாவுக்குக் கூப்பிட்டாச்சு.”

உண்மைதான். குஞ்சு பிறக்கும் தேதியை இந்தக் காட்டு ராஜாவான சிங்கம் அறிவித்த பிறகுதான் செவ்வந்தி முட்டையே இட்டது.

இந்த நரி, நகரத்து ஓரம் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பின்பக்கப் புதரில் ஒரு மழைக்காலம் முழுவதும் குடியிருந்து, கண்ணாடிச் சுவர் வழியே உள்ளே நடப்பதையெல்லாம் பார்த்துத் தேறியது. திரும்பி வந்த அன்றே சிங்கம் அதைத் திட்ட மேலாளர் ஆக்கிவிட்டது.

முட்டைக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் பாறை. விடிந்ததும் நரி அதில் ஒரு சோள மணியை வைக்கும். ஏழு சோளம் சேர்ந்தால் கெடு முடிந்தது. அதற்குள் குஞ்சு வராவிட்டால் திட்டம் ரத்து, முட்டை அதற்காகவே காத்திருந்த கீரிக்கு.

தினமும் காலையில் கூட்டம். நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்பது நகரத்து முறை.

“செவ்வந்தி, எழுந்திரு. இங்க உட்கார்ந்துக்கிட்டே இருக்கிற ஒரே ஆள் நீதான்.”

“உட்கார்றதுதானே ஐயா என் வேலை?”

“கூட்டம் முடிஞ்சப்புறம் வேலை பாரு.”

செவ்வந்தி எழுந்து நின்றது. முட்டை ஆறிக்கொண்டிருந்தது. நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், தடங்கல் உண்டா என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கீரிதான் தெளிவாகப் பேசியது.

“நேத்து காத்திருந்தேன். இன்னிக்கும் காத்திருப்பேன். தடங்கல் எதுவும் இல்ல.”

“பேசினா இப்படிப் பேசணும்!” என்றது நரி. “செவ்வந்தி, எவ்வளவு முடிஞ்சிருக்கு?”

“உள்ளே நடக்குது ஐயா. எனக்கெப்படித் தெரியும்?”

“தொண்ணூறு சதவீதம்னு சொல்லு. கேக்க நல்லா இருக்கும்.”

அன்றிலிருந்து தினமும் தொண்ணூறு.

மூன்றாவது சோளம் வைத்த அன்று, வேகம் போதவில்லை என்று நரி இரண்டு கௌதாரிகளைச் சேர்த்தது. மூன்று வார வேலையை மூன்று பேர் பார்த்தால் ஒரே வாரம். கணக்கில் தப்பில்லை. முட்டைதான் ஒன்று. ஆகவே முட்டையின் மேல் செவ்வந்தி, செவ்வந்தியின் மேல் மூத்த கௌதாரி, அதன்மேல் இளைய கௌதாரி.

“அக்கா, இங்கேருந்து முட்டையே தெரியலையே,” என்றது உச்சியில் இருந்தது.

“எனக்கு மட்டும் தெரியுதாக்கும்? வேலையைப் பாருடி.”

அடியில் செவ்வந்திக்கு மூச்சு முட்டியது. பசி வேறு. கூட்டத்துக்கும் அடைக்கும் நடுவே இரை தேட நேரமே இல்லை. ஆறாவது சோளம் வைத்த அன்று மதியம், கௌதாரிகள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, தாங்க முடியாமல் கழுத்தை நீட்டிப் பாறையிலிருந்து ஒரு சோளத்தை விழுங்கிவிட்டது. விழுங்கிய பிறகுதான் உறைத்தது. திட்டத்தையே தின்றாகிவிட்டது. நாளைக்கு முட்டையோடு தானும் கீரி வயிற்றுக்குள் போக வேண்டியதுதான்.

மறுநாள் கீரி குளித்துவிட்டு முதல் ஆளாக வந்து நின்றது. நரி சோளத்தை வைத்து எண்ணியது. ஆறு. மறுபடி எண்ணியது.

“இன்னிக்கு ஆறாம் நாள்,” என்று அறிவித்தது.

“ஐயா, ஆறாம் நாள் நேத்தே வந்திருச்சே!” என்றது கீரி.

“பாறையில எத்தனை இருக்கு?”

“ஆறுதான் இருக்கு. ஆனா...”

“உன் ஞாபகத்தை நம்பவா, திட்டத்தை நம்பவா?”

செவ்வந்தி சிறகுக்குள் தலையை விட்டுச் சிரித்தது. அன்று மதியமும், கௌதாரிகள் தண்ணீருக்குப் போனதும், ஒரு சோளம் சாப்பிட்டது.

மறுநாளும் ஆறாம் நாள். அதற்கடுத்த நாளும் ஆறாம் நாள். பிறை வளர்ந்து முழுநிலவாயிற்று. விழாவுக்கு வந்த பக்கத்துக் காட்டுச் சிங்கம் விருந்து தின்றே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. “இன்னும் ஒரே நாள்தான் ராஜா,” என்று நரி தினமும் போய்ச் சொன்னது. “எங்க காட்டிலும் இப்படித்தான் சொல்வாங்க,” என்று அது நிம்மதியாகப் புரண்டு படுத்தது. எலும்பும் தோலுமாகிவிட்ட கீரி ஒரு காலை, முதல்முறையாக, “தடங்கல் இருக்கு,” என்றது. நரி அடுத்த ஆளைப் பேசச் சொன்னது.

கடைசியில் ஓர் ஆறாம் நாள், கூட்டம் நின்றுகொண்டிருக்கும்போதே முட்டை பொரிந்து, குஞ்சு ஈரத்தோடு வெளியே விழுந்தது.

“கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடியே!” என்று நரி குதித்தது. சிங்கங்கள் இரண்டும் கர்ஜித்தன. கௌதாரிகள் கட்டிக்கொண்டு அழுதன. கீரி விடுப்பு கேட்டுக்கொண்டு போயிற்று.

“செவ்வந்தி, அடுத்தது பத்து முட்டை,” என்றது நரி மூச்சு வாங்க. “மூணே நாள். ராஜா ஏற்கெனவே சொல்லிட்டாரு.”

“ஆகட்டும் ஐயா,” என்றது செவ்வந்தி.

நரி பாறையைத் துடைத்து, நடுவில் புதிதாக ஒரு சோளத்தை வைத்துவிட்டு, கௌதாரிகளைப் பாராட்டத் திரும்பியது. குஞ்சு தள்ளாடி எழுந்து, பாறைவரை நடந்து, அதைக் கொத்தி விழுங்கியது.

நீதி: கெடுவைத் தள்ளிவைக்கச் சொல்லி யாரிடமும் கெஞ்சாதே, பசிக்கும்போது தின்றுவிடு.