டாக்டரம்மா தனியாகச் சொன்னது

திருச்சியிலிருந்து வந்த, கரிப்புகையில் ஓடும் பஸ் சமஸ்தான எல்லைக்குள் நுழைந்து, இருமி, ஒரு பெருமூச்சு விட்டது. அந்த நிமிஷத்தில் ஆவுடையப்பன் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். பக்கத்தில் கண்மூடிச் சாய்ந்திருக்கும் சொர்ணவல்லிக்கு நடந்தது என்ன ஆபரேஷன் என்று திருவரங்குளத்தில் ஒரு காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது.

நடந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மார்பின் பாரம் தாங்காமல் அவளுக்குப் பல வருஷமாகக் கழுத்துவலி, முதுகுவலி. தோளில் ரவிக்கை அழுந்திய இடம் பள்ளமாகிப் புண்ணாகிவிட்டது. முப்பத்தைந்து வயசிலேயே கூன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கம். "இந்தச் சுமையை எதுக்கம்மா தூக்கிட்டு அலையறே? குறைச்சுடலாம்" என்றார் திருச்சி டாக்டரம்மா. குறைத்து, தையல் போட்டு, அனுப்பியும் விட்டார்.

ஆனால் ஆவுடையப்பன் வைத்திருந்தது சைக்கிள் கடை. பஞ்சரை ஒட்டலாம். பஞ்சர் ஒட்ட வந்தவன் வாயை ஒட்ட முடியுமா?

பக்கத்து வீட்டு மீனம்மாள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"என்ன ஆபரேசன்ணே?"

"அப்பண்டிஸ்."

"அப்பன் டீசா? அது ஆம்பளைகளுக்கு வாரதுல்ல? நமக்கு ஆத்தா டீசுதானே வரணும்?"

இவளை உள்ளே விட்டால் அரை மணியில் குட்டு உடைந்துவிடும். அன்று மாலையே ஆவுடையப்பன் அணை கட்டினார்.

"சொர்ணம், டாக்டரம்மா என்னையத் தனியாக் கூப்பிட்டு ஒரு விசயம் சொன்னாக. மூணு மாசத்துக்கு நீ வாசப்படி தாண்டக் கூடாது. யாருட்டயும் பேசக் கூடாது. பேசுனாத் தையல் பிரிஞ்சுருமாம்."

"பேசுனா எப்புடிங்க தையல் பிரியும்?"

"பேசுனாச் சிரிப்பு வரும். சிரிச்சாப் பிரியும்."

"தண்ணி எறைக்கலாமா?"

"மூச்! சொம்பக்கூடத் தூக்கக் கூடாது."

"அரைக்கிறது, ஆட்டுறது, சமைக்கிறது?"

பொய் என்பது இறக்கத்தில் விட்ட சைக்கிள். பிரேக் பிடிக்காது.

"ஒண்ணும் கூடாது. எல்லாம் நானே பாத்துக்கிறேன்."

"தனியாவா சொன்னாக?"

"தனியாத்தான்."

"சரிங்க" என்றாள் சொர்ணவல்லி. அதை அடக்கம் என்று நினைத்தார் அவர்.

முதல் நாள் சோறு குழைந்தது. மறுநாள் சோறு தப்பித்தது, ஆவுடையப்பன் குழைந்தார். ஆட்டுக்கல்லுக்குப் பெடல் வைக்காமல் செத்துப்போன முன்னோர்களை நினைத்துப் பல்லைக் கடித்தார். சொர்ணவல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டு வழி சொன்னாள்.

"அங்கிட்டு இல்லைங்க, இங்கிட்டு. புளியக் கரைக்கத்தான் சொன்னேன், குளிப்பாட்டச் சொல்லலை."

நாட்கள் போயின. ஒரு மத்தியானம் பம்பு எடுக்க வீட்டுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சொர்ணவல்லி பாயில் மல்லாந்து படுத்து, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த தூக்கம் அது. ஆவுடையப்பன் அவள் முகத்தில் உட்காரப்போன ஈயை விரட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். பம்பை மறந்துவிட்டார்.

இன்னொரு நாள் கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் தூக்கித் தலை சீவிக்கொண்டிருந்தாள். முதுகு நேராக இருந்தது. பக்கத்தில் போய் நின்றால், இவர் தலை அவள் காதுக்குத்தான் வந்தது!

"இம்புட்டு ஒசரத்த இத்தனை வருசமா எங்கடி வச்சிருந்தே?"

"கூனுக்குள்ள வச்சிருந்தேங்க."

மறுநாளே ஆவுடையப்பன் தடித்த அடிவைத்த செருப்பு வாங்கிவிட்டார்.

உயரத்தைச் செருப்பால் சமாளிக்கலாம், உள்ளங்கைக் கொப்புளத்தை என்ன செய்வது? கடைக்கு வந்தவர்கள் டயரில் மஞ்சள் வாடை அடிக்கிறது என்றார்கள். ஒருநாள் திருச்சிக்கு டியூப் வாங்கப் போனவர், திரும்பும்போதே ஒரு யோசனையோடு வந்தார்.

"சொர்ணம், நல்ல சேதி! டாக்டரம்மாவப் பாத்தேன். நாளையிலேருந்து நீ எல்லா வேலையும் செய்யலாம்னுட்டாக."

"தனியாவா சொன்னாக?"

"தனியாத்தான்."

"எனக்கும் ஆஸ்பத்திரிய விட்டு வாரப்பவே தனியாச் சொன்னாகங்க. ஒரு மாசம் கனமாத் தூக்காதே, தெனமும் கொஞ்சம் நட, ஆறிட்டா எப்பவும்போல இருன்னு. அந்த ஒரு மாசம் எப்பவோ போயிருச்சு."

ஆவுடையப்பன் கையிலிருந்த டியூப் கட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப ஏண்டி சொல்லலை?"

"கட்டுன புருசன் பொய் சொல்றாகன்னு ஆகிருமேங்க. எனக்கு அது கௌரவமா?"

அவர் கடைசிக் கயிற்றைப் பிடித்தார்.

"போகட்டும். ஊருக்குத் தெரியாமக் காப்பாத்திட்டேன்ல?"

"நீங்க கடைக்குப் போனதும் மீனம்மா கொல்லை வழியா வந்துருவா. ரெண்டு பேரும் குளத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வருவோம். நடக்கச் சொன்னாகள்ல?"

"அவகிட்டச் சொல்லிட்டியா!"

"சொன்னேங்க. அழுதுட்டா. அவளுக்கும் இதே கஷ்டந்தான். யாருட்டப் போய்ச் சொல்றதுன்னு இத்தனை வருசமா வாய மூடிக்கிட்டு இருந்திருக்கா. அடுத்த வாரம் திருச்சிக்குப் போறா. அவ வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு."

வெட்கத்துக்கு அணை கட்டியவர் ஆவுடையப்பன். அந்தப் பக்கம் தாகத்தோடு ஒருத்தி நின்றது அவருக்குத் தெரியவில்லை.

"நல்ல காரியம் பண்ணுனே, சொர்ணம்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

"நாளையிலேருந்து அடுப்படி எனக்குங்க" என்று அவளும் சிரித்தாள். தையல் ஒன்றும் பிரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் அவர் கை கழுவப் போன நேரம், வாசலில் ஆள் அரவம். மீனம்மாளின் புருஷன் வீரய்யா. முறுக்கிய மீசை. எவனுக்கும் தலை வணங்காத ஆள். தலை குனிந்து உள்ளே வந்து, நேரே அடுப்படிக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், இதச் சொல்லிக் குடுக்க ஊருல ஒங்களவிட்டா ஆளில்லேன்னு சொர்ணம் தங்கச்சி சொல்லுச்சு. அரிசியக் களைஞ்சுட்டு ஒலை வைக்கணுமா, ஒலை வச்சுட்டுக் களையணுமா?"